பாக்கிச் சேவல்

என் கல்யாணத்தை ஒரு பூ முடிவு செய்யும் என்று அப்பா போனில் சொன்னபோது, நான் கள்ளக்குறிச்சியில் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பாடம் புள்ளியியல். கேள்வி: கருதுகோள் சோதனை என்றால் என்ன, ஓர் உதாரணத்துடன் விளக்குக. முக்கால்வாசிப் பிள்ளைகள் புத்தகத்தில் இருந்ததை அப்படியே கக்கி வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளை உதாரணத்துக்கு என் பெயரையே எழுதியிருந்தது: "பவானி மேடம் கோபக்காரர் என்பது கருதுகோள்." அந்த எரிச்சலில் இருந்தவளுக்குத்தான் போன் வந்தது.

"பாப்பா, வர ஞாயித்துக்கெழம ஆத்தாகிட்ட பூ கேக்கப் போறேன். வெள்ள வந்தா உன் இஷ்டம். செவப்பு வந்தா அந்தப் பேச்ச அதோட வுட்டுடணும்."

"எந்தப் பேச்சப்பா?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"அதான், அந்தக் கீழ்நாட்டுப் பையன்."

அந்தக் கீழ்நாட்டுப் பையனுக்கு ராஜேஷ்குமார் என்று பெயர். சொந்த ஊர் வடக்கனந்தல். கச்சிராயபாளையத்தில் சொட்டுநீர்க் குழாய் கடை வைத்திருக்கிறான். எங்கள் கல்லூரித் தோட்டத்துக்குக் குழாய் போட வந்தவன், என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே குந்தியபடி முழுப் பாடத்தையும் கேட்டுவிட்டு, "மேடம், ஒண்ணுமே புரியல. ஆனா நீங்க கோவப்படறது நல்லா இருக்கு" என்றான். இப்படி ஒருவன் சொன்னால் அதற்கு மேல் ஒரு பெண் என்னதான் செய்வாள்? அவன் வீட்டில் ஒருவழியாகப் பேசிச் சரிக்கட்டிவிட்டான். என் வீடு கல்வராயன் மலைமேல். மலைக்காரர்கள் கீழே பெண் கொடுப்பதில்லை. இது எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் எழுதி வைத்த சட்டங்களை விடக் கெட்டியானது.

பூ கேட்பது என்றால் இதுதான். எங்கள் பங்காளிகள் கும்பிடும் காளி, கரியாலூர் தாண்டி எங்கள் சாமைக் காட்டுக்கு மேலே, கூரைகூட இல்லாமல் ஒரு கல்லாக நிற்கிறாள். பக்கத்தில் ஒரு செம்பருத்திச் செடி, ஒரு நந்தியாவட்டைச் செடி. அவளுக்குப் பூசை செய்யும் உரிமை என் அப்பா காத்தானுடையது. ஒரு தேக்கிலையில் செம்பருத்திப் பூ, இன்னொன்றில் நந்தியாவட்டைப் பூ வைத்துப் பொட்டலமாகக் கட்டிக் கல்லின் முன்னால் வைப்பார். பெரியவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டிலிருக்கிற சின்னப் பிள்ளை போய் ஒரு பொட்டலத்தை எடுத்து வரும். வெள்ளை வந்தால் ஆத்தா சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். போர் போடுவதிலிருந்து பொண்ணு கொடுப்பது வரைக்கும் எங்கள் வீட்டில் எல்லாம் இப்படித்தான்.

இரண்டு பொட்டலத்தில் ஒன்று. காசைச் சுண்டிப் போடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் தேக்கிலை மட்டும்தான். என் வாழ்க்கையைச் சுண்டிப் போடுகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஆனாலும் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆத்தாவின் முன்னால் நின்று, மற்றவர்களோடு நானும் கண்ணை மூடிக்கொண்டேன். பொட்டலம் எடுத்தவள் ஜீவா, அண்ணன் சுபாஷின் மகள், ஐந்து வயசு. அண்ணனும் அண்ணியும் குடகில் காப்பித் தோட்ட வேலையில் இருந்ததால் அவள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்துகொண்டிருந்தாள். அவள் எடுத்து வந்ததை அப்பா எல்லாருக்கும் முன்னால் பிரித்தார்.

சிவப்பு.

அப்பா செம்பருத்தியை ஆத்தாவின் காலடியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி நடந்தார். நான் விடுவேனா? சாமைக் காட்டு வரப்பில் பின்னாலேயே போனேன்.

"ஒரே ஒரு தடவ கேட்டு முடிவு பண்ணிடுவியா? சும்மா எடுத்தாக்கூட பாதிக்குப் பாதி செவப்பு வரும்ப்பா."

"சும்மா எங்க எடுத்தாங்க? ஆத்தா எடுத்துக் குடுத்தா."

"அது ஆத்தா குடுத்ததா, சும்மா வந்ததான்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

அப்பா நின்றார். என் அப்பாவிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். கோபம் வந்தாலும் கேள்வி நல்லதாக இருந்தால் நின்றுவிடுவார்.

"எப்பிடித் தெரிஞ்சிக்கிறதாம்? உன் படிப்புல இன்னா சொல்றாங்க?"

வகுப்பில் அறுபது பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடியாததை வரப்பில் நின்று அப்பாவுக்குச் சொன்னேன். முதலில், இதில் ஒரு விசேஷமும் இல்லை, எல்லாம் தற்செயல் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அப்புறம் சோதனை. வருகிற விடை தற்செயலில் வரக்கூடியதுதான் என்றால் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். தற்செயலில் வரவே வராது என்கிற மாதிரி வந்தால்தான், ஏதோ இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

"அஞ்சு ஞாயித்துக்கெழம கேளு. அஞ்சும் செவப்பா வந்தா, அது சும்மா வர்றதுக்கு முப்பத்திரண்டுல ஒரு பங்குதான் வாய்ப்பு. அப்பிடி வந்தா நான் ராஜேஷ மறந்துடறேன். நடுவுல ஒரே ஒரு வெள்ள வந்தாலும் ஆத்தாவுக்கு ஆட்சேபன இல்லன்னு நீ ஒத்துக்கணும்."

"இன்னிக்கு வந்த செவப்பு?"

"அது கணக்குல வராது. விதி பேசறதுக்கு முன்னாடி வந்தது."

"உனக்குப் புடிக்காதது வந்தா கணக்குல இருந்து எடுத்துடுவியா? நல்ல படிப்பு." அப்பா சிரித்துவிட்டார். "சரி. அஞ்சு தடவ. ஆத்தாவுக்கும் உன்னைப் பத்தி யோசிக்க நேரம் வோணும்ல."

கீழே வந்து ராஜேஷிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் பயந்துபோனான்.

"அஞ்சும் செவப்பா வந்தா?"

"முப்பத்திரண்டுல முப்பத்தியொரு பங்கு நம்ம பக்கம். மூணு சதவீதம்தான் ஆபத்து. உலகம் முழுக்க அஞ்சு சதவீதத்தையே ஒத்துக்கறாங்க."

"உலகம் முழுக்க என்னைக் கட்டிக்கப் போறதில்லயே பவானி" என்றான்.

முதல் ஞாயிறு, சிவப்பு. இரண்டாம் ஞாயிறு, சிவப்பு. இரண்டு வாரமும் மலையிலிருந்து இறங்கிய பஸ்ஸில், வரும் வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாம் ஞாயிறும் சிவப்பு. அந்த வாரம் வகுப்பில் முதல் வகைப் பிழை பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒன்றுமே இல்லாதபோது ஏதோ இருக்கிறது என்று தவறாக முடிவு கட்டுவது. "நூறு தடவை சோதித்தால் அஞ்சு தடவை இப்படி ஆகும், அதைப் பொறுத்துக்கத்தான் வேணும்" என்று எத்தனை வருடமாக வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன்! அந்த அஞ்சில் ஒருத்தியாக நானே இருப்பேன் என்று யார் கண்டது? அன்று வகுப்பைப் பாதியில் விட்டேன். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

நான்காம் ஞாயிறும் சிவப்பு.

இனி பாக்கி ஒன்றுதான். அதில் சிவப்பு வர பாதிக்குப் பாதி. எந்தக் காசு சுண்டலை வேண்டாம் என்று சண்டை போட்டு இத்தனை ஏற்பாடு செய்தேனோ, கடைசியில் அதன் முன்னாலேயே வந்து நின்றேன். கெட்டிக்காரி! ஆத்தா நிஜமாகவே பேசுகிறாளோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் அதைவிடக் கேவலமான ஒரு எண்ணம் வந்தது. பொட்டலம் கட்டுகிறவர் அப்பா. இரண்டிலும் செம்பருத்தியை வைத்துக் கட்டினால் யாருக்குத் தெரியும்?

கேட்டும் விட்டேன்.

"நீ எதுனா பண்றியாப்பா?"

அப்பா பொட்டல நூல் வெட்டுகிற கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கல்லின் முன்னால் கிடந்த மீதிப் பொட்டலத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். பிரித்தேன். குட்டியாக ஒரு நந்தியாவட்டை.

"ஆத்தா முன்னாடி நான் பொய் சொல்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "இந்த விஷயத்துல நான் பொய் சொல்லல பாப்பா."

அது என்ன 'இந்த விஷயத்துல' என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்பாவைப் பார்க்க முடியாமல் அன்றைக்கு முன்னதாகவே பஸ் ஏறினேன்.

ஐந்தாம் வாரம் சனிக்கிழமையே ஊருக்குப் போனேன். மறுநாள் என்ன வந்தாலும், முந்தின நாள் அப்பாவோடு உட்கார்ந்து ஒரு வேளை சோறு சாப்பிட்டுவிட வேண்டும் என்று இருந்தது. போகிற வழியில் கடைவீதியில் கவுஸ் பாய் கடையில் ஜீவாவுக்கு ஒரு பெரிய பை நிறையப் பொரியும், ஒரு கைக்குள் அடங்குகிற பால்கோவா பொட்டலமும் வாங்கினேன்.

வீட்டு வாசலில் இரண்டையும் பின்னால் மறைத்துவைத்து, "ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கோ" என்று முன்னால் நீட்டினேன். சும்மா விளையாட்டுக்குத்தான். ஜீவா யோசிக்கவே இல்லை. பொரிப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மற்றதில் பால்கோவா இருப்பதைப் பார்த்ததும் ஊரைக் கூட்டி அழ ஆரம்பித்தாள்.

"ஏண்டி அதையே எடுத்த?" என்று அம்மா சாமியம்மாள் அதட்டினாள்.

"பெருசுலதான ஜாஸ்தி இருக்கும்!" என்றாள் ஜீவா விக்கலுக்கு நடுவில்.

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் காட்டுக்கு மேலே ஏறினேன். செம்பருத்திச் செடியில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூ. பக்கத்தில் நந்தியாவட்டை, என் சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. இரண்டையும் தனித்தனித் தேக்கிலையில் சுற்றிப் பார்த்தேன். ஒன்று கொழுக்கட்டை மாதிரி உப்பி நின்றது. மற்றது வெற்றிலைச் சுருள் மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. பெரியவர்கள் எல்லாரும் பக்தியோடு கண்ணை மூடிக்கொள்கிறோம். கண்ணைத் திறந்திருப்பது எடுக்கிற பிள்ளை மட்டும்தான்.

கீழே வந்து ஜீவாவை மடியில் உட்காரவைத்துப் பால்கோவாவைக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். பூ எதுவும் இல்லாமல், இலைக்குள் கூழாங்கல்லும் உமியும் வைத்துச் சின்னதும் பெரியதுமாகப் பொட்டலம் கட்டிக் கட்டி அவள் முன்னால் வைத்தேன். இடம் மாற்றி வைத்தேன். உள்ளே இருப்பதை மாற்றி வைத்தேன். ஒவ்வொரு தடவையும் பெரிசைத்தான் எடுத்தாள், மகராசி.

ஏதோ இருக்கிறது என்று சோதனை சொன்னது சரி. தற்செயல் இல்லைதான். ஆனால் தற்செயல் இல்லை என்றால் உடனே அது ஆத்தா என்று ஆகிவிடுமா? சோதனை அவ்வளவுதான் சொல்லும். மிச்சத்தை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். இதையும் நான் வகுப்பில் வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். எனக்கே நான் ஒரு வருஷமாவது சொல்லியிருக்கலாம்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மாவிடம் போய், "எம்மா, நம்ம வூட்டுல பூ கேட்டு என்னிக்காவது வெள்ள வந்திருக்கா?" என்று கேட்டேன்.

அம்மா முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டே யோசித்தாள். "போரு போடக் கேட்டப்ப செவப்பு. கரியாலூர் சந்தையில அந்தச் செவலப் பசுவ வாங்கலாமான்னு கேட்டப்ப செவப்பு. எதுத்த வூட்டுக்காரன் வாங்கினான், குடம் குடமா கறந்துச்சு. உங்கண்ணன் கேட்டுப் பாக்காமலே குடகுக்குப் போயிட்டான், கேட்டிருந்தா அதுவும் செவப்புதான்."

செவலைப் பசுவுக்குப் பொட்டலம் எடுத்தவள் நான். அப்போது எனக்கு ஜீவாவின் வயசு. அந்த மாட்டை வேண்டாம் என்று சொன்னது ஆத்தா இல்லை, பேராசை பிடித்த நான்தான்.

"வெள்ள வந்தது ஒரே ஒரு தடவதான்" என்றாள் அம்மா. "உன்னைக் காலேஜுல சேக்கலாமான்னு உங்கப்பா கேட்டாரே, அப்ப."

என் சிரிப்பு அப்படியே நின்றது.

அன்றைக்கு நான் மலைமேல் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வாங்கப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். அம்மாவும் அப்பாகூட ஆத்தாவிடம் போகவில்லை. அப்பா மட்டும் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். திரும்பி வந்து, "வெள்ள வந்துடுச்சி. பாப்பா படிக்கட்டும்" என்றார். மலையிலிருந்து கீழே போய்ப் படித்த எங்கள் வீட்டு முதல் பெண் நான். நான் ஆசிரியை ஆனதும், என் மூக்குக் கண்ணாடியும், என் கோபமும், ராஜேஷும், எல்லாம் அந்த ஒரு வெள்ளைப் பூவில் தொடங்கியவை.

அதே செடி. அதே தேக்கிலை. அதே மாதிரி ஒரு குழந்தை. வேறு எல்லாத் தடவையும் சிவப்பு. அந்த ஒரு தடவை மட்டும், அப்பா தனியாகப் போன தடவை மட்டும், வெள்ளை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நான் கல்லூரியில் சேர்ந்த வருஷத்திலிருந்து ஆடி மாசம் தவறாமல் அப்பா ஆத்தாவுக்கு ஒரு சேவல் கொடுப்பார். எதற்கு என்று கேட்டால், "ஒரு பாக்கி இருக்குது" என்பார். மழை பெய்யாத வருஷமும் கொடுத்தார். கையில் ஒன்றும் இல்லாத வருஷமும் எங்கேயோ ஒரு சேவலைப் பிடித்து வந்தார்.

ஞாயிறு காலை நான் மேலே போனபோது அப்பா கல்லைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"என் காலேஜுக்குக் கேட்டப்ப வந்தது வெள்ள இல்ல. அப்பிடித்தானே?"

துடைப்பம் நின்றது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, ஆத்தாவைப் பார்த்தார். அவளிடம் அனுமதி கேட்கிற மாதிரி இருந்தது.

"செவப்புதான்" என்றார். "நீ அவ்ளோ ஆசையா மார்க்கு சீட்டு வாங்கப் போயிருந்த. வரும்போது உன் மொகத்த எப்பிடிப் பாக்கறது? ஆத்தாவ அப்புறமா சமாதானம் பண்ணிக்கலாம்னு வெள்ளன்னு சொல்லிட்டேன். அந்தப் பொய்க்குத்தான் வருஷா வருஷம் சேவல் குடுத்துக்கினு வரேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குக் குரல் கீச்சென்று ஆகிவிடும்.

"அன்னிக்கு எனக்காகப் பொய் சொன்னியே, இப்ப மட்டும் ஏம்ப்பா சொல்ல மாட்டேங்கிற?"

"அன்னிக்குப் படிக்கப் போன. திரும்பி வூட்டுக்கு வந்துடுவன்னு தெரியும்." அப்பா துடைப்பத்தில் ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டே இருந்தார். "இப்ப அனுப்பினா நீ வர மாட்ட பாப்பா. கீழ போன பொண்ணுங்க யாரு திரும்பி வந்தாங்க?"

இதுதானா! மலையும் இல்லை, கீழ்நாடும் இல்லை, ஆத்தாவும் இல்லை. என்னை விட மனசில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் இந்த மனுஷன் ஐந்து வாரமாக ஆத்தாவை நடுவில் நிறுத்தியிருக்கிறார். நானும் முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்று வாயடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பொட்டலத்தின் சங்கதியைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். அப்பாவின் சாமியைப் பிடுங்குகிற மாதிரி ஆகிவிடுமோ என்று இருந்தது. ஆனால் இத்தனை வருஷமாக ஆத்தாவின் பேச்சை மீறிவிட்டோம் என்று ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறாரே, அதை இறக்கி வைக்க வேண்டாமா? சொன்னேன். நம்பவில்லை. ஜீவாவைக் கூப்பிட்டு அவர் கையாலேயே பொட்டலம் கட்டி வைத்துப் பார்த்தார். பெரிசில் வெள்ளை, சின்னதில் சிவப்பு. அவள் பெரிசை எடுத்தாள். திரும்ப மாற்றி வைத்தார். பெரிசையே எடுத்தாள். மூன்றாவது தடவை அவர் கட்டி முடிப்பதற்கு முன்னாலேயே கை நீட்டினாள்.

அப்பா கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இத்தினி வருஷமா ஆத்தா ஒண்ணுமே பேசலியா?"

"பேசியிருப்பாப்பா. பொட்டலம் போட்ட சத்தத்துல நமக்குக் கேக்கல."

"என் காலேஜு பொய்யி?"

அவர் 'என் காலேஜு' என்றுதான் சொன்னார்.

"அது பொய்யே இல்ல. ஆத்தா வோணாம்னு சொல்லவே இல்லியே. நீ எந்தப் பேச்சையும் மீறல."

ஜீவா எடுத்துப்போட்ட பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு, "அப்ப அந்தச் சேவலுங்க?" என்றார்.

"ஆத்தாவுக்கு லாபம்."

அப்பா சிரித்த சிரிப்பில் கீழே வீட்டிலிருந்து அம்மா என்னமோ ஏதோ என்று ஏறி வந்துவிட்டாள். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டவர், "சரி, அந்த நாலும் தள்ளுபடி. இன்னிக்கு ஒழுங்கா கேக்கறேன். ஒரே தடவ. அதோட முடிஞ்சிது" என்றார். செம்பருத்தியில் ஒரே ஒரு இதழைக் கிள்ளினார். ஒரு நந்தியாவட்டை பறித்தார். இரண்டையும் ஒரே அளவு இலைத்துண்டில், ஒரே மாதிரி மடித்துக் கட்டினார். நான் கையில் வாங்கிப் பார்த்தேன். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஜீவாவுக்கு அப்பாவின் துண்டால் கண்ணைக் கட்டிவிட்டாள் அம்மா.

இப்போதுதான் நிஜமான பாதிக்குப் பாதி. அப்படி ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. குறை இல்லாத சோதனையைப்போல இரக்கமில்லாதது வேறு எதுவும் கிடையாது. ஒரே தடவை கேட்பது சோதனையே இல்லை என்று வாதாட வேண்டியவள் நான். கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜீவா தடவித் தடவி ஒன்றை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். எல்லாருக்கும் முன்னால் பிரிக்க வேண்டும் என்பது வழக்கம். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி, ஆத்தாவைப் பார்த்து நின்று பிரித்தார். இலைச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கையை மூடி, உள்ளே இருந்ததை இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு திரும்பினார்.

"வெள்ள" என்றார்.

"எங்க, காட்டு" என்றாள் அம்மா.

"இன்னாத்தக் காட்டறது? நான்தான் சொல்றேன்ல. போய் மாப்ள வூட்டுக்குப் போன் போடச் சொல்லு."

மற்றப் பொட்டலம் கல்லின் முன்னாலேயே இருந்தது. அதைப் பிரித்தால் அடுத்த நொடி தெரிந்துவிடும். அதில் சிவப்பு இருந்தால் அப்பா சொன்னது உண்மை. வெள்ளை இருந்தால் இல்லை. தரவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது பார்க்காமல் விடுகிறவளுக்கு நான் ஒரு மதிப்பெண்கூடப் போட மாட்டேன். அதை எடுத்தேன். பிரிக்காமல் ஆத்தாவின் காலடியில் வைத்துக் கும்பிட்டேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

வைகாசியில் கல்யாணம். மலைச் சனம் பாதிக்குப் பாதிதான் வந்தது. கீழ்ச் சனமும் அப்படித்தான். ராஜேஷ் எங்கள் சாமைக் காட்டுக்கு இலவசமாகச் சொட்டுநீர்க் குழாய் போட்டுத் தருவதாகப் பந்தியில் வைத்துச் சொல்லி, சாமைக்கு எதுக்குய்யா சொட்டுநீர் என்று எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அழைத்துப்போக அப்பாவே பஸ் ஏறி வடக்கனந்தல் வந்தார். திரும்பும் வழியெல்லாம் என் பையை மடியிலேயே வைத்திருந்தார். கரியாலூரில் இறங்கி வீட்டுக்கு நடந்தோம். வாசல் பலாமரத்தில், காலில் கயிறு கட்டி, கொழுத்த சேவல் ஒன்று நின்றிருந்தது.

நான் நின்றுவிட்டேன். பழைய பொய் பொய்யே இல்லை என்று ஆகிவிட்டது. மாசியில்தான் அந்தக் கணக்கை ஆத்தாவின் முன்னால் தீர்த்துச் சிரித்தோம். அப்படியிருக்க இந்த வருஷம் சேவல் எதற்கு? இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருக்க முடியும். எந்தக் கருதுகோளைப் பற்றியும் நான் இவ்வளவு நிச்சயமாக முடிவு கட்டியதில்லை.

"அந்தப் பாக்கிதான் இல்லன்னு ஆயிடுச்சேப்பா" என்றேன். குரல் கீச்சென்றுதான் வந்தது.

"அது பழசு" என்றார் அப்பா, சேவலின் கயிற்றைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டே. "இது புதுசு. வருஷா வருஷம் குடுக்கணும். நீயும் வருஷா வருஷம் வந்துடு."

வந்துவிடுகிறேன் என்றேன்.